துண்டுக்குள் மாரப்பன் கை

கை சூடாகத்தான் இருக்கிறது. செத்தவன் கை இப்படி இருக்காது. செத்த கைகளைப் பிடித்திருக்கிறேன், அப்பன் கை, அம்மா கை, லாரியில் மாடு ஏற்றும்போது பலகை சரிந்து நசுங்கிப்போன சின்னராசு கை, அதெல்லாம் தொட்டவுடனே தெரிந்துவிடும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. இது சூடு. ஆனால் பிடி இல்லை. பிடி இல்லாத கையை என் ஆயுசில் நான் பிடித்ததே இல்லை என்று இப்போதுதான் உறைக்கிறது. வெள்ளக்கரடு மாட்டுச் சந்தையில் நான் பிடிக்காத கை கிடையாது, கஞ்சன் கை, குடிகாரன் கை, மகள் கல்யாணத்துக்குக் கறவையை விற்க வந்தவன் கை, எல்லாக் கையும் ஏதாவது சொல்லும், முடியாது என்கிற கைக்குக்கூட ஒரு முறுக்கு உண்டு. இந்தக் கை ஒன்றும் சொல்லவில்லை. தலைமாட்டில் மெசின் ஊதுகிறது, நிற்கிறது, ஊதுகிறது. அது ஊதினால் மாரப்பன் நெஞ்சு ஏறுகிறது, நிறுத்தினால் இறங்குகிறது. வாயில் குழாய், குழாயைச் சுற்றிப் பிளாஸ்திரி, கண் இரண்டையும் மூடிப் பிளாஸ்திரி. தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கைக்கும் அவன் கைக்கும் மேலே போட்டேன். யோசித்துப் போடவில்லை, அவன் கை அகப்பட்டால் என் இடது கை தானாகத் துண்டைத் தேடும். சிஸ்டர் பார்த்துவிட்டாள். "ஐயா, அந்தத் துண்டு வேண்டாங்க, சந்தைத் தூசியெல்லாம் இருக்கும். போர்வைக்குள்ள கையை விட்டுப் பிடிச்சுக்கங்க." வேறு நாளாக இருந்தால் என் துண்டைக் குறை சொன்னவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். பச்சைப் போர்வைக்குள் கையை விட்டுத் தேடிப் பிடித்தேன். சூடு இருக்கிறது. பிடி இல்லை.

மாரப்பன் என் தங்கச்சி துளசிமணியின் புருஷன். எனக்கும் அவனுக்கும் பேச்சு கிடையாது. அவர்கள் மகள் தாரணிக்குக் காது குத்திய நாளோடு நின்றது, அந்தப் பிள்ளை இப்போது சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறது. பேச்சுதான் கிடையாது, வியாழக்கிழமை தவறாமல் கை பிடித்திருக்கிறோம். வெளியாளுக்குச் சொன்னால் சிரிப்பான். இரண்டு பேரும் மாட்டுத் தரகர்கள். விற்கிறவனுக்காக அவன் பேசுவான், வாங்குகிறவனுக்காக நான் பேசுவேன், நல்ல ஜோடி எது வந்தாலும் கடைசியில் எங்கள் இரண்டு கையில்தான் வந்து நிற்கும். துண்டைப் போட்டு அடியில் கையைப் பிடித்தால் வாய்க்கு வேலை இல்லை. விரலுக்கு ஒரு தொகை, விரல் கணுவை அழுத்தினால் அதில் பாதி, உள்ளங்கையைச் சுரண்டினால் ஏறி வா, ஒதுக்கினால் இறங்கு. சுற்றி நிற்கிற கூட்டம் எங்கள் முகத்தைப் பார்க்கும். முகத்தில் என்ன இருக்கிறது. அவன் ஒரு பக்கம் பார்ப்பான், நான் ஒரு பக்கம் பார்ப்பேன், அடியில் கை இரண்டும் வெட்டிக்கொண்டு கிடக்கும். சண்டை வாய்க்கு, விரலுக்கு என்ன வந்தது. இத்தனை வருஷத்தில் அவன் கையில் வந்து போனதெல்லாம் எனக்குத் தெரியும். கம்பி கிழித்த தழும்பு தெரியும். மோதிரம் காணாமல் போய்க் கொஞ்ச காலம் கழித்துத் திரும்பி வந்தது தெரியும். துளசிக்கு வயிற்றில் கட்டி எடுத்த சமயம் அவன் பிடியில் ஒரு அவசரம் இருந்தது, அன்றைக்கு நானாக ஏறிக் கொடுத்தேன், அவன் ஒரு நொடி கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான். அவ்வளவுதான். அதற்கு மேல் விரலில் சொல்ல ஒன்றும் கிடையாது.

வெளியே வேன் நிற்கிறது. மாரப்பனின் அண்ணன் வையாபுரி ஊரிலிருந்து பிடித்து வந்திருக்கிறார், பின் சீட்டை மடக்கிப் பாய் விரித்து, பாய் மேல் வெள்ளை வேட்டி விரித்து. காலையில் இந்தக் கட்டில் பக்கத்தில் நின்றே சொன்னார். "உசுரு போயி நாளாச்சு, மெசின்தான் ஊதுது. டார்ச் அடிச்சுப் பார்த்தாங்க, கருவிழி அசையவே இல்ல. கோழிய அறுத்தாக்கூட கொஞ்ச நேரம் துடிக்கும், இவன் துடிக்கக்கூட இல்லையே. வூட்டுக்குக் கொண்டு போயிரலாம். சொந்தபந்தம் மொகம் பார்க்கட்டும்." அவர் கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபம், சட்டையைப் பிடித்திருப்பேன். அழுதுகொண்டே சொல்கிறார், சின்ன வயசில் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. துளசிமணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "அண்ணா, நீ ஒருக்கா உள்ள போய்ப் பார்த்துட்டு வா. கொண்டு போலாம்னு நீ சொன்னா கொண்டு போலாம். இருக்கட்டும்னா இருக்கட்டும். எனக்கு மண்டை ஓடலை." என் தலையில் வைத்துவிட்டாள். பார்வை நேரம் முடிந்ததென்று சிஸ்டர் சொன்னதும் நான் வெளியே போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குழாயை உருவி வண்டியில் ஏற்றினால் பாதி வழி தாண்ட மாட்டான், டாக்டரம்மா பச்சையாகச் சொல்லிவிட்டாள். இருக்கட்டும் என்று சொல்லி, வையாபுரி சொல்கிற மாதிரி உள்ளே ஆளே இல்லையென்றால், போன உடம்பைக் குழாயில் கட்டிப் போட்டு அழக்கூட விடாமல் வைத்தவன் நான். அவன் இருக்கிறானா, இல்லையா. மாட்டைப் பற்றிக் கேட்டால் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துச் சொல்வேன். இவனை எதைப் பிளந்து பார்ப்பது.

இருக்கிறான் என்கிறாள் டாக்டரம்மா. சின்னப் பெண், தூக்கமில்லாமல் கண் உள்ளே போயிருக்கிறது. முதல் நாள் அவளிடம் எகிறினேன், ஊசிதான் போட்டாச்சே அப்புறம் எதுக்கு எந்திரிக்க மாட்டேங்கறான் என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினேன். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உட்காருங்க. கடிச்சது கட்டுவிரியன். தூக்கத்துல கடிக்கும், வலி தெரியாது, பல் தடம்கூட இருக்காது. காலையில வயித்து வலி, கண்ணிமை தொங்கும், நாக்குக் குழறும். அப்புறம் ஒவ்வொண்ணா நிக்கும்." ஏன் நிக்கணும் என்றேன். அவள் என் முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் தன் விரலால் கோடு இழுத்துக் காட்டினாள். "கையை மடக்குன்னு மூளை சொன்னா, அந்தச் சேதி நரம்பு வழியா கரண்ட் மாதிரி ஓடி வரும். இவருக்கு இப்பவும் ஓடி வருது. ஆனா நரம்பு போய்ச் சதையைத் தொடறதில்லீங்க. நடுவுல கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கு. நரம்பு நுனியில இருந்து ஒரு சாறு கசிஞ்சு அந்தப் பக்கம் போனாத்தான் சதை இழுக்கும். இந்த விஷம் அந்த நுனியை அழிச்சிருது. கரண்ட் நுனி வரைக்கும் வந்து நின்னுருது. கைமாத்தி விட ஆள் இல்ல." கைமாத்தி விட ஆள் இல்லை. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், எனக்குச் சந்தை கண் முன்னால் வந்தது. விற்கிறவன் வந்துவிட்டான், வாங்குகிறவன் நிற்கிறான், நடுவில் நிற்கிற தரகனைப் பாம்பு தின்றுவிட்டது. "கண்ணுப் பாவையும் அதனாலதான் அசையலை, அதை வெச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க" என்றாள். ஊசி ரத்தத்தில் சுற்றுகிற விஷத்தைத்தான் பிடிக்குமாம். போன நுனி புதிதாக முளைக்க வேண்டுமாம், செடி மாதிரி, அதுவாக. அதுவரைக்கும் மெசின் மூச்சு விடும், நடுவில் நெஞ்சில் சளி கட்டாமல், காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும், அதற்குத் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றாள். பிறகு எழுந்து போகும்போது சொன்னாள். "உள்ள வர்ற வழி அடைபடலை. தொட்டா தெரியும், பேசினா கேக்கும். மயக்க மருந்து லேசாத்தான் போகுது. பக்கத்துல வந்தா பேசுங்க."

பேசுங்க என்கிறாள், எனக்கும் அவனுக்கும் பேச்சில்லை என்று அவளுக்கு யார் சொல்வது. தொட்டால் தெரியும், பேசினால் கேட்கும். அப்படியென்றால் கோழி என்று வையாபுரி சொன்னது கேட்டிருக்கிறது. வேன் வந்து நிற்கிறதென்று சொன்னது கேட்டிருக்கிறது. வெள்ளை வேட்டி வாங்கியாச்சா என்று யாரோ கேட்டது, துளசியின் தாலி பற்றி ஒரு கிழவி வாய் தவறிச் சொன்னது, அத்தனையும். நான் அங்கே கிடந்தால் என்ன செய்வேன். பேசாமல் கிடக்க என்னால் முடியாது. நான் தேள் ஜாதி. லாரியில் சுமை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் படுத்துக் கிடந்த வயசில் சோளத்தட்டுக் கட்டுக்குள் இருந்த செந்தேள் கொட்டியது. கையில் கொட்டியது தலை வரைக்கும் பாய்ந்தது, வேர்வை ஆறாக ஊற்றுகிறது, உடம்பு ஜில்லென்று ஆகிறது, நெஞ்சு கிடந்து அடிக்கிறது, என் வாய் என்னைக் கேட்காமல் கத்திக்கொண்டே இருக்கிறது. அதையும் இந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன், அது என்ன விஷம், இது என்ன விஷம் என்று. நரம்பின் உடம்பு நெடுக ஊசிமுனைகூட இல்லாத கதவுகள் இருக்கிறதாம், திறந்து மூடி, திறந்து மூடித்தான் சேதி ஓடுமாம். தேள் விஷம் திறந்த கதவை மூட விடாது, அதனால் நரம்பு நிறுத்தாமல் கத்தும். என்னைப் பற்றித்தான் சொல்கிறாள் போல இருந்தது. எனக்கு ஒரு வார்த்தை யாராவது சொன்னால் மூடத் தெரியாது, அன்றைக்கு முழுக்கக் கத்துவேன், மறுநாளும் கத்துவேன். அப்படிக் கத்தித்தான் மேலே வந்தேன், எவனும் தூக்கி விடவில்லை. மாரப்பன் வேறு. அவன் ஒரு வார்த்தை சொல்வான், பிறகு வாயை மூடிக்கொள்வான், நாம் கிடந்து புழுங்க வேண்டும். வலிக்காமல் கடிக்கிற ஜாதி அவன். சரியான ஆளைப் பார்த்துத்தான் கடித்திருக்கிறது. சீ, என்ன நினைப்பு இது. இந்த நினைப்பை அவன் கையைப் பிடித்துக்கொண்டே நினைக்கிறேன், விரல் வழியே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பாம்பு கடித்த அன்றைக்குக் காலையில் விரல் வழியே வந்ததே, அது என்ன. அதை நினைக்காமல் இருக்கத்தான் கரண்டையும் கதவையும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். புதன்கிழமை சாயங்காலமே சந்தைக்கு வந்து மாட்டுக்கு நடுவில் வைக்கோல் விரித்துப் படுப்பது அவன் வழக்கம். மாடு எப்படிப் படுக்கிறது, எப்படி எழுகிறது என்று பார்த்தால்தான் விலை தெரியும் என்பான். என்பான் என்றால் என்னிடம் சொன்னதில்லை, பிறத்தியாரிடம் சொல்லிக் கேட்டது. காலையில் மயிலைக் காளை ஜோடி ஒன்று, அவன் விற்கிறவன் பக்கம், நான் வாங்குகிறவன் பக்கம். என்னை அவன் அரைக் கண்ணால் பார்த்தான். இமை பாதி இறங்கியிருந்தது. எகத்தாளம் என்று நினைத்தேன். நீயெல்லாம் ஒரு ஆள் என்று பார்க்கிறான் என்று நினைத்தேன், உடம்பு பற்றிக்கொண்டு வந்தது. துண்டைப் போட்டேன். கையைக் கொடுத்தான். பிடித்தால் தொளதொளவென்று இருக்கிறது. நாலு விரலைப் பிடித்தான், விரல் நழுவி மூன்றுக்கு வந்தது, கணுவில் நின்றது, கணுவிலிருந்தும் நழுவியது. இறங்குகிறான் என்று நினைத்தேன். மாரப்பன் கையா இப்படி இறங்குகிறது. ஒரு கணுவுக்கு அரை நாள் பிடிவாதம் பிடிக்கிற கை. என்ன என்று கேட்டிருக்கலாம், வாயால். பேச்சில்லையே. இறங்க இறங்கப் பிடித்துக்கொண்டேன், கையை ஓங்கி அடித்து முடித்துவிட்டேன். மாட்டுக்காரன் அவன் மேல் பாய்ந்தான், "இதுக்காய்யா உன்னைய வெச்சேன்" என்று. மாரப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், நாக்கு உருண்டது, கூட்டத்தில் எவனோ "காலங்காத்தால ஏத்திட்டு வந்துட்டான்டா" என்றான், எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எத்தனையோ வருஷம் கழித்து அவன் முன்னால் சிரித்தேன். அவன் புளியமரத்தடிக்குப் போய்த் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தான். தோற்றவன் உட்கார்கிறான் என்று டீயை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்று பார்த்தேன். ருசித்துக் குடித்தேன். விரல் இறங்கியது விலை இல்லை. நரம்பு நுனி அப்போதே அழிய ஆரம்பித்திருக்கிறது, ஒவ்வொன்றாக, என் உள்ளங்கையில் வைத்தே அழிந்திருக்கிறது. உலகத்தில் வேறு எவன் கையைப் பிடித்திருந்தாலும் இந்த ஆளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருப்பான். நான் தரகன். விலை என்று படித்தேன்.

டீக்கடைக்காரிதான் பார்த்தாள். "அட அந்த ஆளுக்கு வாயில தண்ணி வடியுது, என்னன்னு பாருங்கப்பா." ஓடினேன். தூக்கியவன் நான்தான், கூட்ஸ் ஆட்டோவில் போட்டவன் நான்தான், மடியில் தலையைத் தாங்கி உட்கார்ந்து வந்தவனும் நான்தான். வழி நெடுக வண்டிக்காரனிடம் கத்திக்கொண்டே வந்தேன், முந்துடா, ஆரன் அடிடா, அந்த மேட்டுல ஏத்து. மாரப்பனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாப்ள என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் என்ன. இமைக்கு அடியில் கண் ஒரு கீற்றுத் தெரிந்தது, என்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்தது. ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது அவன் கை என் கையைத் தேடியது. வந்து பிடித்தான். இரண்டு விரலைத் தொட்டான். பிறகு கணு ஒன்றைத் தொட்டான், அல்லது தொட்ட மாதிரி இருந்தது. பிறகு விழுந்துவிட்டது. இரண்டு விரல், ஒரு கணு. அது என்ன தொகை. எதற்கான தொகை, அங்கே விற்க என்ன இருந்தது. தண்ணீர் கேட்டானா. துளசியைக் கேட்டானா. காலையில் முடித்தது செல்லாது, இதுதான் என் விலை என்றானா. எங்கள் விரலுக்குத் தொகை மட்டும்தான் தெரியும், தண்ணீருக்கு விரல் இல்லை, பயமாக இருக்கிறது என்பதற்கு விரல் இல்லை. இருந்த ஒரே பாஷையில் எதையோ சொன்னான். நான் இன்னும் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு விரல், ஒரு கணு.

காது குத்து அன்றைக்குத் தப்பு அவன் மேல்தான். இப்போதும் சொல்வேன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், நான் துளசிக்கு ஒரே அண்ணன், பட்டுப் பாவாடையிலிருந்து தோடு வரைக்கும் வாங்கி வைத்திருக்கிறேன். அன்றைக்கு என்று சந்தையில் ஒரு ஜோடி இழுத்துக்கொண்டே போனது. விட்டு வந்திருக்கலாம் என்பார்கள், விட்டு வந்தால் அந்தத் தோடு ஏது. வந்து சேர்ந்தபோது பந்தி நடக்கிறது. பிள்ளை காதில் ரத்தப் பொட்டு. எங்கள் சித்தப்பன் மகன் ஒருத்தன் மடியில் உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள், வெற்றிலை பாக்குகூடக் கடித்துத் துப்பத் தெரியாத பயல் அவன். கொஞ்சம் பொறுக்கக் கூடாதா என்றேன். மாரப்பன் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மடிக்கு ஆளா பஞ்சம், மச்சா." அவ்வளவுதான், அந்த ஒரு வரி. நான் கத்தினேன், சீர்த்தட்டை எட்டி உதைத்தேன், பந்தியே எழுந்தது. அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்த வரியை எத்தனை ராத்திரி புரட்டியிருப்பேன். என்னைக் குத்திக்காட்டினானா, நல்ல நேரம் போகிறதே என்ற தவிப்பில் சொன்னானா, விளையாட்டாகச் சொன்னானா, கையைப் பிடித்திருந்தால் தெரிந்திருக்கும். வாயால் வந்ததால் தெரியவில்லை.

"பேசினீங்களா ஐயா" என்று கேட்டுக்கொண்டே சிஸ்டர் பாட்டிலை மாற்றிவிட்டுப் போகிறாள். தொண்டையைச் செருமினேன். மாப்ள என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன். வந்தது வேறு. "மடிக்கு ஆளா பஞ்சம்னு எப்படிய்யா கேட்ட?" என் காதுக்கே சந்தைக் குரலாகக் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரன் சொந்தம் திரும்பிப் பார்த்தது. இத்தனை வருஷம் கழித்து அவனிடம் பேசிய முதல் பேச்சு. அதுவும் பதில் சொல்ல முடியாதவனிடம். மெசின் ஊதியது, நின்றது. அவன் இடது கண் பிளாஸ்திரிக்குக் கீழே ஈரம் கசிந்து காதுப் பக்கம் இறங்கியது. சிஸ்டர், சிஸ்டர் என்று கூப்பிட்டேன். வந்து பார்த்துப் பஞ்சால் துடைத்தாள். "கண்ணு காயாம இருக்க மருந்து விட்டிருக்கோம்ங்க, அது வழியும்." மருந்துதானா என்றேன். "எனக்குச் சொல்லத் தெரியலைங்க ஐயா" என்றாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "அழுதாலும் இப்படித்தாங்க வரும்" என்று சேர்த்துக்கொண்டாள். எனக்காகச் சேர்த்தது அது. எனக்குத் தெரியாதா, எது மனசிலிருந்து வருகிறது, எதை எனக்காகச் சேர்க்கிறார்கள் என்று பார்த்துத்தானே நான் பிழைத்தேன்.

போர்வைக்குள் ஒரு விரலைப் பிடித்தேன். கொஞ்சம் பொறுத்து இரண்டு. பதில் வரவில்லை, ஏறினேன். மூன்று. நாலு. உள்ளங்கையைச் சுரண்டினேன், ஏறி வா, ஏறி வா மாப்ள, இன்றைக்கு நீ எதைக் கேட்டாலும் நான் இறக்கவே மாட்டேன். ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன், அதற்கு மேல் எங்களிடம் தொகை இல்லை. தன்னந்தனியாக நானே ஏற்றிக்கொண்டு போகிற பேரம் இது. நான் சொல்வதெல்லாம் அவனுக்குப் போகிறது, தோலில் பட்டு, நரம்பேறி, மண்டைக்குள் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து அவன் பதில் கிளம்புகிறது, தோள் தாண்டி, முழங்கை தாண்டி, இதோ இந்த விரல் வரைக்கும் வந்து நிற்கிறது, நான் பிடித்திருக்கிற இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால். தோலுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். அல்லது ஒன்றும் கிளம்பவில்லை. வையாபுரி சொல்வதுதான் நிஜம், நான் ஒரு சூடான கையைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருக்கிறேன், மெசின் சூடு. என் கையே மரத்துப் போகிறது, எடுத்து உதறிப் பார்த்தேன், மடக்கினால் மடங்குகிறது, இருந்தாலும் ஒரு நொடி மடங்காத மாதிரி இருந்தது. மறுபடி உள்ளே விட்டேன். ஒரு துடிப்பு போதும். ஈ உட்கார்ந்தால் மாட்டுத் தோல் சிலிர்க்குமே, அத்தனை போதும். அதைக் கொண்டு போய் வெளியே வைத்து நான் பேசிக்கொள்கிறேன். காத்திருந்தேன். மெசினைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தேன். சிஸ்டர் வந்து தோளைத் தொட்டாள். நேரமாச்சுங்க ஐயா. விரலை ஒவ்வொன்றாக விட்டேன், தூங்குகிற பிள்ளை கையிலிருந்து உருவுகிற மாதிரி. அவன் கை அசையவில்லை.

வெளியே வெயில் வராந்தா வரைக்கும் வந்திருந்தது. வையாபுரி எழுந்தார். துளசிமணி எழவில்லை, முகத்தை மட்டும் தூக்கினாள்.

"என்னப்பா, பார்த்தியா?"

"அசைஞ்சுது" என்றேன்.

"எது?"

"விரல்."

"உன் கண்ணால பார்த்தியா?"

"போர்வைக்குள்ள பிடிச்சிருந்தேன். பிடி வந்துச்சு."

"தரகன் பேச்செல்லாம் இங்க பேசாத செங்கோடா. எந்தம்பி உசுரு இது."

அவர் சொன்னதில் தப்பில்லை. கிழட்டு மாட்டை இளசு என்றிருக்கிறேன், கெட்ட சுழியை நல்ல சுழி என்றிருக்கிறேன், கறக்காத பாலைக் கறந்ததாகச் சொல்லியிருக்கிறேன், அதெல்லாம் வாய், வாய்க்கு அது தொழில். துண்டுக்குள் வராத தொகையை வந்தது என்று மட்டும் சொன்னதில்லை. அதை மாற்றிச் சொன்னவனுக்கு அப்புறம் சந்தையில் ஒருத்தனும் கை கொடுக்க மாட்டான். நானும் சொன்னதில்லை, மாரப்பனும் சொன்னதில்லை, பேச்சில்லாத இத்தனை வருஷமும் எங்களை ஒட்டி வைத்திருந்தது அது ஒன்றுதான்.

"எந்த விரல்ண்ணா?" என்று கேட்டாள் துளசிமணி.

ஒரு தரகனுக்குத் தங்கச்சி, ஒரு தரகனுக்குப் பெண்டாட்டி. கேட்கத் தெரிந்தவள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது, சந்தையில் திருப்பிக்கொள்கிற மாதிரி. திருப்பவில்லை.

"சுண்டு விரல்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பிடித்து எழுந்தாள். "மாமா, வண்டிய அனுப்பிருங்க" என்றாள் வையாபுரியிடம். "அண்ணன் பிடிச்சுப் பார்த்தாச்சு. இருக்கட்டும்." வையாபுரி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு படி இறங்கிப் போனார்.

துளசிமணி சிஸ்டரிடம் ஏதோ கெஞ்சினாள். ஒரு நிமிஷம்தான் என்று உள்ளே விட்டார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து நிற்பது தெரிகிறது. அவன் காதில் சொல்கிறாள், அவளுக்கு மெதுவாகப் பேச வராது, என் தங்கச்சிதானே, எனக்கு இங்கே கேட்கிறது. "ஏனுங்க, உங்க சுண்டு விரல் அசைஞ்சுதாமுங்க. அண்ணன் சொன்னாங்க. உங்க கையப் பிடிச்சுப் பார்த்துட்டு வந்து சொன்னாங்க. கேக்குதுங்களா."

கேட்கிறதா என்று எனக்கும் தெரியாது. கேட்கிறதென்றால், நான் சொன்னது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் அங்கே கிடக்கிறான். அவன் கையை வைத்துக்கொண்டு அவனைக் கேட்காமல் நான் ஒரு தொகையைச் சொல்லி முடித்துவிட்டேன், தன் வாயால் அதை இல்லை என்று சொல்ல அவனுக்கு வழியில்லை. கீழே வேன் கிளம்பித் திரும்புகிற சத்தம். போகட்டும். எழுந்து வரட்டும் அவன். ஒரு வியாழக்கிழமை சந்தை நிறைந்து நிற்கிற நேரம் பார்த்து வரட்டும், துண்டு கிண்டு ஒன்றும் வேண்டாம், நாலு பேர் கேட்க வாயைத் திறந்து, செங்கோடன் என் கையை வைத்துப் பொய் சொன்னான் என்று சொல்லட்டும். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்.